கண்ணாடி முன் யாரோடு பேசுகிறோம்?

அய்யா உண்டு.

நான் படித்தவன் அல்ல. பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு வாழைத்தோட்டத்துக்கும் தென்னை விளைக்கும் போனவன். எங்கள் ஊர் நிழல்தாங்கலில் பல வருடங்களாகப் பணிவிடைக்கு ஒத்தாசையாக நிற்கிறேன். விளக்குத் துடைப்பது, முற்றம் பெருக்குவது, அன்னதானத்துக்கு விறகு எடுத்துப் போடுவது ஆகியவை என் வேலை. அந்த வேலைகளுக்கு இடையில் எனக்கு விளங்கிய ஒரு சங்கதியை உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறேன்.

காலை உகப்படிப்புக்கு என் முறை வரும் நாட்களில் நாலரை மணிக்கே வீட்டைவிட்டு இறங்கிவிடுவேன். தாங்கலுக்கு நடந்தால் பத்து நிமிடம். அந்த நேரத்தில் தெருவில் ஆள் இருக்காது. நாய்கூடப் படுத்திருக்கும். ஒரு நாள் தாங்கல் வாசலில் கால் கழுவும்போது திடீரென்று தோன்றியது: இந்தப் பத்து நிமிடமும் நான் சும்மா வரவில்லை. வீட்டு வாசலிலிருந்து இதுவரை பேசிக்கொண்டே வந்திருக்கிறேன். எதிரே ஆளில்லை, வாயும் திறக்கவில்லை. ஆனால் பேச்சு நிற்கவில்லை.

நீங்களும் நாளைக் காலையில் பல் துலக்கும்போது கவனித்துப் பாருங்கள். வாங்கவேண்டிய சாமான், கட்டவேண்டிய தவணை, நேற்று ஒருவர் சொன்ன சொல், இன்று அதற்கு நாம் சொல்லப்போகும் பதில் என்று உள்ளே ஒரு சந்தையே கூடியிருக்கும். ஒரு நாளில் வெளியே ஆயிரம் சொல் பேசினால் உள்ளே பத்தாயிரம் பேசுகிறோம். வெளியே பேசும் சொல்லுக்குச் சாட்சி உண்டு. தப்பாகப் பேசினால் எதிரே நிற்பவர் கேட்பார், சண்டையாவது போடுவார். உள்ளே பேசும் பேச்சை யாரும் தட்டிக்கேட்பதில்லை. அதனால் அது தன் இஷ்டத்துக்கு வளர்கிறது.

இந்த உள்பேச்சு எங்கிருந்து வருகிறது?

என் பேத்திக்கு நான்கு வயது. ஒரு நாள் திண்ணையில் தனியாக இருந்து பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பொம்மை தின்னவில்லை போலிருக்கிறது. "ஒன்ன வச்சி என்ன செய்ய, ஒண்ணுக்கும் கொள்ளாத சாதனம்" என்று சத்தம் போட்டாள். நான் உள்ளே இருந்து கேட்டுத் திடுக்கிட்டேன். அது என் வார்த்தை. முந்தின வாரம் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தட்டிவிட்டபோது அவளிடம் நான் சொன்னது. சொன்னதை நான் மறந்தேபோனேன். அவள் மறக்கவில்லை. இன்று அதைப் பொம்மையிடம் சத்தமாகச் சொல்கிறாள். கொஞ்சம் வளர்ந்தால் சத்தம் நின்றுவிடும். ஆனால் சொல் போகாது. பரீட்சையில் மார்க் குறையும் அன்று, அதே வார்த்தையை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அதைச் சொன்னவன் தாத்தா என்பதுகூட அன்று அவளுக்கு நினைவிருக்காது. தன் புத்தியே சொல்வதாக நம்புவாள்.

பிறர் நம்மிடம் பேசிய பேச்சுதான், நாள்பட்டு, நாம் நம்மோடு பேசும் பேச்சாகிறது. இது ஒரு பிள்ளையின் கதை மட்டும் அல்ல, நம் முன்னோர் பட்ட பாட்டின் கதையும் இதுதான்.

அன்றைய திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட மக்கள் மேல் வரி போட்டதையும், தலைப்பாகை கட்டக்கூடாது என்று வைத்ததையும், பெண்கள் மேலாடை போடக்கூடாது என்று தடுத்ததையும் நாம் அறிவோம். பேச்சிலும் அவர்களுக்குக் கட்டு இருந்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மட்டீர் 1871-ல் அச்சிட்ட தம் நூலில் அதை எழுதிவைத்திருக்கிறார். புலையர் மக்கள் மேலோர் முன்னால் 'நான்' என்று சொல்லக்கூடாது, 'அடியன்' என்றுதான் சொல்லவேண்டும். தாம் உண்ணும் சோற்றைச் சோறு என்று சொல்லக்கூடாது, 'கரிக்காடி' என்று சொல்லவேண்டும். பெற்ற பிள்ளையைப் பிள்ளை என்று சொல்லாமல் குரங்கு என்றும் கன்று என்றும் சொல்லவேண்டும். நம்பூதிரியிடமிருந்து 96 எட்டு விலகி நின்றுகொண்டு இப்படிப் பேசவேண்டும்.

யோசித்துப் பாருங்கள். காலையிலிருந்து இருட்டும்வரை வயலில் உழைத்துவிட்டுத் தன் வாயாலேயே தன் சோற்றைக் கழிவு என்றும் தன் குழந்தையை மிருகம் என்றும் சொல்லிப் பழகியவன், இரவில் குடிசைக்குள் தனியாகப் படுத்திருக்கும்போது தன்னைப்பற்றி என்ன பேசிக்கொண்டிருப்பான்? அடிமை முறை 1855-லேயே திருவிதாங்கூரில் ஒழிக்கப்பட்டது. மட்டீர் எழுதியது அதற்கு 16 வருடங்களுக்குப் பிறகு. சட்டம் மாறியும் நாக்கு மாறவில்லை. கையில் பூட்டிய விலங்கை வெளியிலிருந்து ஒருவர் கழற்றிவிடலாம். சொல்லால் பூட்டிய விலங்கை அப்படிக் கழற்ற முடியாது.

கொல்லம் 1008 மாசி 20-ல் அய்யா வைகுண்டர் திருச்செந்தூர்க் கடலிலிருந்து நம்மிடையே வந்தார். அது 1833. சட்டம் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. என்ன செய்தார்? தலைப்பாகை கட்டு என்றார். முத்திரிக்கிணற்றில் எல்லாரும் ஒன்றாகக் குளியுங்கள், ஒன்றாக இருந்து உண்ணுங்கள் என்றார். பள்ளியறையில் கண்ணாடி வைத்தார்.

இந்தக் கண்ணாடியைப் பற்றி நிறைய விளக்கங்கள் கேட்டிருக்கிறோம். உனக்குள் இருக்கும் அய்யாவை நீயே பார் என்பது அதில் முதன்மையானது. அதை மறுக்க நான் யார்? பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1927-ல், சேர்த்தலை அருகே களவங்கோடத்தில் நாராயண குருவும் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். நான் தினம் அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறவன் என்ற முறையில் ஒரு சிறு விஷயம் மட்டும் சொல்கிறேன். 'அடியன்' என்று குனிந்தே பழகிய ஒருவர், தலையில் துணியைக் கட்டி, நெற்றியில் நாமம் வைத்து, இரண்டு பக்கமும் விளக்கு எரிய, நிமிர்ந்து நின்று தன் முகத்தையே சந்நிதியில் பார்க்கிறார். அதுவரை அவரைப்பற்றி ஊர் சொன்னது வேறு. அன்று கண்ணாடி காட்டியது வேறு. ஊர் சொன்னதையே தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்த பேச்சு அந்த இடத்தில் ஒரு கணம் நின்றிருக்கும். அதன்பிறகுதான் அவர் வெளியே வந்து எதிரே நிற்பவரைப் பார்த்து "அய்யா" என்று அழைத்தார். அவரும் திருப்பி "அய்யா" என்றார். உள்பேச்சு மாறி, வெளிப்பேச்சும் மாறியது.

இங்கே ஒரு சிலர் கேட்கலாம்: நாமும் அய்யா முன் 'அடியேன்' என்கிறோமே, அது மட்டும் சரியா? சரிதான். அன்பினால் தானாகத் தாழ்வது வேறு, தடியைக் காட்டித் தாழவைப்பது வேறு. அய்யா முன் தாழ்ந்து நின்றவன் எழும்போது நிமிர்ந்து எழுகிறான். மனிதன் முன் தாழவைக்கப்பட்டவனுக்கு எழுந்த பிறகும் முதுகு வளைந்தே இருக்கும்.

அந்தக் காலம் போய்விட்டது என்று நினைக்கவேண்டாம். சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு நேரம். ஒரு அம்மா கொடிமரத்துக்கு அந்தப் பக்கமே நின்றார். எல்லாரும் உள்ளே வந்து நாமம் வாங்குகிறார்கள், அவர் மட்டும் வரவில்லை. போய்க் கூப்பிட்டேன். "வேண்டாம் அய்யா, நான் இங்கனயே நின்னுக்கிடுதேன். நான் முன்னால வந்தா நல்லாருக்காது" என்றார். புருஷன் போய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. தாங்கலில் யாரும் அவரைத் தடுக்கவில்லை. அய்யா சந்நிதியில் தாலி இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்ப்பதும் இல்லை. ஆனால் கல்யாண வீட்டிலும் பால்காய்ச்சு வீட்டிலும் யார் யாரோ முணுமுணுத்ததை அவர் கேட்டிருக்கிறார். இப்போது முணுமுணுக்க ஆள் தேவையில்லை. அவரே தனக்குச் சொல்லிக்கொள்கிறார், அவரே தன்னைத் தள்ளி நிறுத்திக்கொள்கிறார்.

எங்கள் தாங்கலில் ஒரு வயதான அம்மா உண்டு. அவர் ஒன்றும் பேசாமல் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு வந்து கண்ணாடி முன் நிறுத்தினார். நாமம் வைத்து, இனிமம் கையில் கொடுத்தார். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். அடுத்த ஞாயிறும் அவர் கொடிமரத்துக்கு அப்பால்தான் நின்றார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. அந்தப் பாட்டியம்மாவும் ஒவ்வொரு ஞாயிறும் போய்க் கையைப் பிடித்தார். வருடக்கணக்காக உள்ளே போன பேச்சு ஒரு நாளில் வெளியே வராது. இன்று அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்கும் இடத்தில் அந்த அம்மாதான் தலைமை. யாராவது தயங்கி நின்றால் இப்போது அவர்தான் போய்க் கூப்பிடுகிறார்.

இதுவரை சொன்னது நம்மைப்பற்றி நாம் பேசிக்கொள்ளும் பேச்சு. உள்ளே இன்னொரு பேச்சும் நடக்கிறது. பிறரை உள்ளே கூட்டிவைத்துக்கொண்டு பேசும் பேச்சு அது. அதில் நான் பட்டதைச் சொல்லவேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எனக்கும் என் அண்ணனுக்கும் 9 வருடம் பேச்சு இல்லை. அப்பா எங்களுக்குப் பகிர்ந்துகொடுத்த விளையில் எல்லையோரமாக ஒரு பலாமரம் நின்றது. அப்பா கையால் நட்டது. நான் வெளியூர் போயிருந்த நேரத்தில் அண்ணன் அதை வெட்டி விற்றுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்து அடிக்குற்றியைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நேரே அவர் வீட்டு முற்றத்தில் போய் நின்று, "அப்பன் நட்ட மரத்த வித்துத் தின்னவருக்கு வெக்கம் இருந்தா வெளிய வரட்டும்" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். அவர் வெளியே வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

அதோடு வெளியே பேச்சு நின்றது. உள்ளே அன்றுதான் ஆரம்பித்தது. தண்ணீர் பாய்ச்சும்போதும், பஸ்ஸில் போகும்போதும், தூக்கம் வராத ராத்திரியிலும் அண்ணனோடு வழக்குப் பேசினேன். "மரம் என் பக்கம்தானே நின்னுது" என்று அவர் சொல்வார். "எல்லைக்கல்லப் பாத்தியளா" என்று நான் கேட்பேன். அவர் ஒன்று சொல்வார், நான் மடக்குவேன். எத்தனையோ நூறு தடவை இந்த வழக்கு நடந்தது. எல்லாத் தடவையும் நானே ஜெயித்தேன். மூன்று வருடம் கழித்து அவர் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. எனக்கு அழைப்பு இல்லை. அதையும் வழக்கில் சேர்த்துக்கொண்டேன். அந்த 9 வருடமும் நான் தாங்கலில் பணிவிடை செய்துகொண்டுதான் இருந்தேன். பொறுமையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பணிவிடைக்காகப் பள்ளியறைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துவிட்டுக் கறை இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடியில் ஒரு ஆள் பல்லைக் கடித்துக்கொண்டு, உதடு அசைய, யாரையோ ஏசிக்கொண்டிருந்தான். நாமம் வைத்த நெற்றிக்குக் கீழே அந்த முகம் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அண்ணனிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் கண்ணாடியில் அண்ணன் இல்லை. அவர் கேள்வியும் என் பதிலும் ஒரே வாயிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன.

9 வருடம் நான் யாரோடு வழக்குப் பேசினேன்? அண்ணனோடு அல்ல. அண்ணனுடைய முகத்தை மாட்டி நானே செய்துவைத்த ஒரு பொம்மையோடு. நான் சொல்லச் சொன்னதை மட்டும் அது சொல்லும். நான் தோற்கச் சொன்னால் தோற்கும். என் பேத்தி பொம்மையோடு பேசியதற்கும் நான் பேசியதற்கும் வித்தியாசம் இல்லை. அவளுக்கு நாலு வயது, எனக்கு ஐம்பதுக்கு மேல். அவ்வளவுதான்.

மறுநாள் உச்சிப்படிப்பு முடிந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். போகும் வழியில்கூட உள்ளே வழக்கு ஓடியது, இல்லை என்று சொல்லமாட்டேன். மைனிதான் முதலில் பார்த்தார். உள்ளே போய்ச் சொன்னார். அண்ணன் திண்ணைக்கு வந்து, "இரி" என்றார். இருந்தேன். நெடுநேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு நான், "அந்த மரத்தப் பத்தி இனி நான் ஒண்ணும் கேக்கமாட்டேன் அண்ணே, உட்டுருங்க" என்றேன். பெரிய மனதோடு பேசிவிட்டதாக எனக்கு நினைப்பு.

அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மரமா? இவ்வளவு நாளும் நீ மரத்தயா நெனச்சுக்கிட்டிருந்த?" என்றார்.

பிறகு அவர் சொன்னதைக் கேட்டு நான் தலைகுனிந்துவிட்டேன். நான் முற்றத்தில் நின்று கத்திய அன்று, அவர் மகளைப் பெண்பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குள் இருந்திருக்கிறார்கள். காப்பி கலந்து வைத்திருக்கிறது. 'வித்துத் தின்னவர்' என்று தம்பியே வாசலில் நின்று கத்துவதைக் கேட்டவர்கள், காப்பியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. மரத்தை வெட்டியதும் அந்தக் கல்யாணச் செலவை நினைத்துத்தான். "ஒங்கிட்ட கேக்காம வெட்டுனது தப்புதான். வந்ததும் சொல்லணும்னு இருந்தேன். அதுக்குள்ள நீ வந்து நின்னுட்ட" என்றார்.

அன்பர்களே, 9 வருடம் நான் மரத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் மரத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவர் உள்ளேயும் 9 வருடம் ஒரு வழக்கு நடந்திருக்கிறது. அதில் நான் வேண்டுமென்றே அன்று பார்த்து வந்து கத்தியவன். நான் செய்த பொம்மையோடு நானும், அவர் செய்த பொம்மையோடு அவரும் ஆளுக்கொரு வீட்டில் இருந்து பேசிக்கொண்டிருந்தோம். இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு கையாலைதான். இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்வியைக் கேட்காததற்கு நான் வைத்திருந்த பெயர் பொறுமை.

வாய் மூடியிருப்பதை நாம் பொறுமை என்று நினைத்துவிடுகிறோம். உள்ளே சண்டை நடக்கும்போது வாய் மட்டும் மூடியிருந்தால் அது பொறுமை ஆகாது. அய்யா கைதாகித் திருவனந்தபுரத்துக்கு நடத்திக் கொண்டுபோகப்பட்டபோதும், சிங்காரத்தோப்புச் சிறையில் இருந்தபோதும் பொறுமையாக இருந்தார் என்று படிக்கிறோம். அந்தப் பொறுமைக்குள் பகை ஓடவில்லை. அதனால்தான் வெளியே வந்ததும் பழிவாங்கும் வேலை பார்க்காமல், மக்களைத் துவையல் தவசுக்கு அனுப்பி, உடலையும் உள்ளத்தையும் துவைக்கச் சொன்னார். துணியைத்தான் நாம் தினம் துவைக்கிறோம். உள்பேச்சைத் துவைத்து எத்தனை நாளாயிற்று?

இந்தக் காலத்தில் பொம்மை செய்வது இன்னும் சுலபமாகிவிட்டது. மகன் வளைகுடாவில் இருக்கிறான். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுகிறோம். இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் வரவில்லை. உடனே உள்ளே அவன் பேச ஆரம்பிக்கிறான்: "இவங்களுக்கு வேற வேலையில்ல." அவன் அப்படிச் சொன்னானா? இல்லை. நாம் அவன் வாயில் வைத்தோம். அங்கே அவன் வேலை நேரத்தில் மேஸ்திரி பார்ப்பதற்குள் போனைச் சட்டைப்பைக்குள் போட்டிருப்பான். ராத்திரி அவன் கூப்பிடும்போது நாம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தான் சொல்லாத வார்த்தைக்காகத்தான் இந்தத் தண்டனை என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

இதையெல்லாம் சொன்னதும் ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "அப்படியென்றால் எல்லாம் நம் மனதின் கோளாறுதானா? எதிராளி உண்மையிலேயே கெட்டது செய்தால்?" நல்ல கேள்வி. தினம் குடித்துவிட்டு வந்து அடிக்கிறவனைப் பற்றி ஒரு பெண் உள்ளே குமுறினால், அது அவள் செய்த பொம்மை அல்ல. அவளிடம் போய் "உன் மனதைத் துவை" என்று சொல்வது அதர்மம். அவளுக்கு வேண்டியது துணைக்கு நாலு ஆள். பொறுத்துக்கொள் என்று சொன்ன அய்யாதான் தலைப்பாகையைக் கட்டு என்றும் சொன்னார். பொறுமை வேறு, குனிந்து கொடுப்பது வேறு. நான் சொல்வது, என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமலே நாம் தீர்ப்பெழுதி வைத்திருக்கும் வழக்குகளைப் பற்றி. வீட்டுக்கு ஒன்றாவது இருக்கும்.

என் அனுபவத்தில் நான் இப்போது கடைப்பிடிக்கும் மூன்று சிறு பழக்கங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று. உள்ளே யாராவது பேசினால், "இதை அவர் சொன்னாரா, நான் சொல்லவைத்தேனா?" என்று கேட்டுக்கொள்கிறேன். பாதிப் பேச்சு அந்தக் கேள்வியிலேயே அடங்கிவிடுகிறது.

இரண்டு. என்னைப்பற்றி நானே ஏசிக்கொள்ளும்போது, அதே வார்த்தையைத் தாங்கலுக்கு வந்த ஒரு அன்பரிடம் சொல்வேனா என்று பார்க்கிறேன். வருகிறவர் எல்லாரையும் அய்யா என்று அழைக்கிறோம். கண்ணாடியில் நிற்பவருக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாதா? தப்புச் செய்திருந்தால் 'இது தப்பு' என்று சொல்லிக்கொள்ளலாம். 'நான் ஒன்றுக்கும் கொள்ளாதவன்' என்று சொல்லவேண்டியதில்லை. தப்பைச் சொன்னால் திருத்த வழியுண்டு. ஆளையே தள்ளிவிட்டால் திருந்துவதற்கு யார் இருப்பார்? பேத்தியிடமும் இப்போது அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. வாயில் வந்தால் விழுங்கிக்கொள்கிறேன்.

மூன்று. நெடுநாள் முடிச்சு இருந்தால் நேரில் போய், "நீங்க சொல்லுங்க, நான் கேக்கேன்" என்று சொல்லிவிட்டு, கேட்கவேண்டும். இதுதான் கஷ்டம். அவர் பேசும்போதே உள்ளே பதில் தயாராகும். அதைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லவேண்டும். பதில் சொல்லாமல் முழுதும் கேட்டாலே பாதி முடிச்சு அவிழும்.

அன்று அண்ணன் வீட்டில் கட்டிப்பிடித்து அழுவதெல்லாம் நடக்கவில்லை. "கஞ்சி குடிச்சிட்டுப் போ" என்றார். குடித்தேன். மைனி பயறுத் துவரன் வைத்துத் தந்தார். இப்போது போகவர இருக்கிறோம்.

ஆனால் நான் கெடுத்தது அண்ணனை மட்டும் அல்லவே. போன கார்த்திகையில் தாங்கலில் திருஏடு வாசிப்பு நடந்தபோது அண்ணன் மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளை ஓரமாகக் கூப்பிட்டு, "மக்களே, அன்னைக்கு நான் கத்துனது ஒன் வாழ்க்கையில வந்து விழும்னு தெரியாது. தப்பு என்மேலதான்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பிள்ளைக்கு நாமம் வச்சி உடுங்க சித்தப்பா" என்றாள். வைத்தேன்.

மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் மனதுக்குள் என்ன ஓடியிருக்கும் என்று நான் ஊகித்துப் பார்க்கவும் இல்லை. அது அவளுடைய பேச்சு. அவளாகச் சொல்லும் நாளில் கேட்டுக்கொள்வேன்.

அய்யா உண்டு.